எக்கோ ராக் முதல் கோக்கர்ஸ் வாக் வரை: கொடைக்கானலின் விளிம்பு நடை எப்படி இருக்கிறது?

கொடைக்கானலில் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, மலையேறிப் பழக்கமில்லை, ஆனாலும் ஏரியைச் சுற்றிவிட்டு சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்க மனமில்லை என்பவர்களுக்கு இந்த நடையைத் தயங்காமல் சொல்லலாம். வட்டக்கானல் கிராமத்தில் ஆரம்பித்து டால்பின் நோஸ், எக்கோ ராக் என்ற இரண்டு விளிம்புப் பாறைகள் வரை இறங்குவது, அதே வழியில் மேலே ஏறுவது, பாம்பார் சோலைக்காட்டின் ஓரமாகத் தார் ரோட்டில் ஊருக்குள் வருவது, மாலையில் கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதையில் முடிப்பது. எல்லாம் சேர்த்துப் பத்து கிலோமீட்டர் பக்கம் வரும். கூடாரமோ கயிறோ தேவையில்லை. பழனி மலை தெற்கே சடாரென்று முடிந்து பெரியகுளம் சமவெளியில் விழுகிற அந்த விளிம்பை, ஒரு பகல் பொழுதுக்குள் இரண்டு மூன்று கோணத்தில் பார்த்துவிடலாம். எங்கள் மதிப்பீட்டில் கொடைக்கானலில் ஒரு நாளுக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது.

ஒரே நிபந்தனை, வரிசையை மாற்றக் கூடாது. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். காலையில் கோக்கர்ஸ் வாக், பிறகு பூங்கா, ஏரி, சாப்பாடு, அப்புறம் இரண்டு மணிக்கு மேல் டாக்ஸியில் வட்டக்கானல். அந்த நேரத்தில் டால்பின் நோஸில் போய் நின்றால் பல நாட்களில் எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. "மஞ்சு மூடிடுச்சு, அதிர்ஷ்டம் இல்லை" என்று திரும்புகிறார்கள். அதிர்ஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. வெயில் ஏற ஏறக் கீழே வைகைச் சமவெளி சூடாகிறது, மலைச்சரிவும் சூடாகிறது. சரிவை ஒட்டிய காற்று மேல்நோக்கி நகரத் தொடங்குகிறது. ஈரத்தோடு ஏறி வருகிற அந்தக் காற்று உயரத்தில் குளிர்ந்து, சரியாக விளிம்புக்கு வரும்போது மேகமாகிவிடுகிறது. மழை இல்லாத நாளில்கூட இது நடக்கும். வழக்கமாக முற்பகல் பாதியைத் தாண்டியதும் பள்ளத்தாக்கின் மூலைகளில் பஞ்சு பஞ்சாகக் கிளம்பும், நண்பகலுக்குள் மூடிவிடும். ஆகவே பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்க வேண்டிய டால்பின் நோஸும் எக்கோ ராக்கும் காலைக்கு. மஞ்சு இருந்தாலும் பார்க்க விஷயம் இருக்கிற கோக்கர்ஸ் வாக் மாலைக்கு.

பேரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குன்னூரிலும் ஒரு டால்பின் நோஸ் உண்டு, விசாகப்பட்டினத்திலும் உண்டு. போன் மேப்பில் தேடும்போது வட்டக்கானல் என்று சேர்த்துத் தேடுங்கள்.

காலை ஆறரை மணிக்கு வட்டக்கானலில் இருப்பது நல்லது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் பக்கம். முந்தின நாளே டாக்ஸி பேசி வைத்துக்கொண்டால் சிரமமில்லை. பேசும்போது "இறக்கி விட்டால் போதும், திரும்பி வர வண்டி வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சுற்றுலா பேக்கேஜ் என்று எடுத்தால் டால்பின் நோஸுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். அது போதவே போதாது. இறங்க மட்டும் அரை மணிக்கு மேல் ஆகும். டிரைவர் மேலே காத்திருக்கிறார் என்ற பதற்றத்தில் ஓடி ஓடி ஏறுகிறவர்களுக்குத்தான் பாதி வழியில் மூச்சு முட்டுகிறது, கால் பிசகுகிறது. ரொம்ப முன்னால், இருட்டோடு வந்து இறங்கவும் வேண்டாம். காட்டுமாடு நடமாடும் நேரம் அது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு பாதையில் இறங்கினால் போதும்.

வட்டக்கானல் ஒரு சின்னக் கிராமம். இஸ்ரேல் நாட்டுப் பயணிகள் நிறையத் தங்கியதால் 'லிட்டில் இஸ்ரேல்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. வண்டி போகும் ரோடு முடிகிற இடத்தில் கடைகள். கழிப்பறை வேலையை இங்கே வருவதற்கு முன்பே தங்கும் இடத்தில் முடித்துவிட்டு வருவது உத்தமம். கீழே காட்டுக்குள் ஒதுங்குகிறவர்களால்தான் பாதையோரம் நாறுகிறது. வார நாளில் ரோடு காலியாக இருக்கும். சனி, ஞாயிறு பத்து மணிக்கு மேல் வண்டிகள் ஒன்றையொன்று கடக்க முடியாமல் நிற்கும். ரோடு அவ்வளவு குறுகல். அதற்கும் காலையில் வருவதே மருந்து.

இனி பாதை. இந்த நடையின் சிரமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் 'சுலபம்' என்ற சொல் பொய்யாகாது. சாதாரண மலையில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு இறங்குவோம். இங்கே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். களைப்பு வரும்போது ஏற்றம் வரும். இறங்கும்போது "இவ்வளவுதானா" என்று தோன்றும். அந்த நினைப்பில் இன்னும் கீழே, இன்னும் கீழே என்று போய்விடுகிறார்கள். கணக்கு எளிது. இறங்க எவ்வளவு நேரமோ, ஏற அதில் ஒன்றரை மடங்கு வையுங்கள். குழந்தைகளோ ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களோ கூட இருந்தால் இரண்டு மடங்கு.

கடைகளைத் தாண்டி வீடுகளுக்கு நடுவே பாதை சரிகிறது. சில இடங்களில் படிக்கட்டு, சில இடங்களில் வெறும் மண், அதன் பிறகு வேர்கள். இந்தப் பாதையின் படத்தை எங்கே பார்த்தாலும் அந்த வேர்கள்தான் முன்னால் நிற்கும். அத்தனை வேர் வெளியே தெரியக் காரணம் கால்கள்தான். ஆயிரக்கணக்கான செருப்பும் ஷூவும் மேல்மண்ணை இளக்குகின்றன. மழை அதை அடித்துக்கொண்டு போகிறது. மண்ணுக்குள் இருக்க வேண்டிய வேர் முழங்கால் உயரத்துக்கு வலை பின்னியது போலக் கிடக்கிறது. பட்டை தேய்ந்து, வழவழவென்று மெருகேறி இருக்கும். காய்ந்திருக்கும்போது அது இயற்கைப் படிக்கட்டு. பனியிலோ தூறலிலோ நனைந்துவிட்டால் சோப்பு மாதிரி வாரிவிடும். வேரின் மேல் காலை வைக்காதீர்கள். இரண்டு வேருக்கு நடுவில் மண் தேங்கி நிற்கும் பள்ளத்தில் வையுங்கள். இறங்கும்போது உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, பாதத்தின் விளிம்பை முதலில் ஊன்றுங்கள். குதிகாலைக் குத்தி இறங்கினால் முழு எடையும் முட்டியில் போய் முட்டும். கையில் ஒரு கம்பு இருந்தால் பாதிச் சுமை அதில் போய்விடும். வேறு வழியே இல்லாமல் வேரின் மேல் மிதிக்க வேண்டி வந்தால், அது ஓடும் திசைக்கு நேராக மிதிக்காமல் குறுக்காக மிதியுங்கள்.

பைன் மரம் உதிர்த்த ஊசியிலை படிந்த துண்டுகளும் உண்டு. பார்க்க மெத்தை போல இருக்கும். அதன் அடியில் கல்லா மண்ணா என்று தெரியாது. காய்ந்த ஊசியிலை நனைந்த வேரைவிட மோசமாக வழுக்கும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம்.

செருப்பு விஷயத்தில் சமரசம் வேண்டாம். அடியில் ஆழமான வரி உள்ள ரப்பர் ஷூ போதும், விலை உயர்ந்த ட்ரெக்கிங் ஷூ தேவையில்லை. அடி தட்டையான கேன்வாஸ், ஹவாய், தோல் செருப்பு மூன்றும் கூடாது. புது ஷூவைப் போட்டுக்கொண்டு வராதீர்கள். இறங்கும்போது விரல் நுனி ஷூவின் முன்பக்கம் இடித்துக்கொண்டே இருக்கும், சாயங்காலத்துக்குள் நகம் கறுத்துவிடும். முந்தின நாள் நகத்தை வெட்டிவிட்டு, கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சரியாது. சின்ன விஷயம்தான், ஆனால் மறுநாள் நடக்க முடிகிறதா இல்லையா என்பது இதில் இருக்கிறது.

அரை மணியிலிருந்து முக்கால் மணியில் டால்பின் நோஸ் வந்துவிடும். சரிவிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைப் பாறை. கீழே பள்ளத்தாக்கு, அதற்கப்பால் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி, தெளிந்த நாளில் வைகை அணையின் நீர்ப்பரப்பு ஒரு தகடு போல மின்னும். சூரியன் கிழக்கிலிருந்து சாய்வாக அடிப்பதால் முதல் அரை மணி நேரம் தூரம் கொஞ்சம் மங்கலாகவும் கண் கூசுவதாகவும் இருக்கும். ஏழரை மணிக்கு மேல் மலை மடிப்புகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பிரிந்து தெரியத் தொடங்கும். ஆறே முக்காலுக்கு வந்து படம் எடுத்துவிட்டு ஓடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இந்தப் பாறையைப் பற்றிப் பல இடங்களில் "6,600 அடி ஆழப் பள்ளம்" என்று எழுதியிருப்பார்கள். சரியல்ல. கொடைக்கானல் ஊரே கடல் மட்டத்திலிருந்து 7,000 அடி உயரத்தில்தான் இருக்கிறது. கீழே பெரியகுளம் சமவெளியே ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. பாறைக்கு நேர் கீழே 6,600 அடி இறங்கினால் தரைக்குள்தான் போக வேண்டும். ஆனால் மிகைப்படுத்தாமலே இது பெரிய இறக்கம்தான். வயிற்றைக் கலக்குவதற்கு உண்மையான அளவே போதும்.

பாறை சார்னோக்கைட் வகை. சென்னைப் பல்லாவரத்தில் வெட்டி எடுத்த அதே கல். அந்தக் கல்லில்தான் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை செய்யப்பட்டது, அவர் பெயரே கல்லுக்கும் வந்தது. கடினமான கல், சட்டென்று உடையாது. ஆனால் வெயிலும் குளிரும் மாறி மாறிப் படும்போது மேலிருந்து தகடு தகடாக உரியும் குணம் அதற்கு உண்டு. விளிம்போரத்தில் தளர்வாக இருக்கும் தகட்டின் மேல் நிற்காதீர்கள். மழைக்காலத்தில் பாறை மேல் கண்ணுக்குத் தெரியாத பாசி படிந்திருக்கும். கை விரலால் தேய்த்துப் பாருங்கள், வழவழப்புத் தட்டினால் விளிம்புப் பக்கம் போகவே வேண்டாம். காற்று இங்கே சீராக வீசாது, இடைவெளி விட்டுத் திடீரென்று தள்ளும். எட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் உட்கார்ந்து, அல்லது படுத்து எட்டிப் பாருங்கள். நின்றபடி எட்டுவது, பின்னால் நகர்ந்துகொண்டே செல்ஃபி எடுப்பது, நுனியில் குதித்துப் படம் எடுப்பது, மூன்றும் உயிரோடு விளையாடுகிற வேலை. தடுப்போ கயிறோ கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். குழந்தைகளின் கையை இந்த இடத்தில் ஒரு நொடிகூட விடக் கூடாது.

இங்கேயே திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. திரும்பாதீர்கள். இன்னும் கால் மணி, இருபது நிமிடம் கீழே போனால் எக்கோ ராக். கூட்டம் பாதிக்குப் பாதியாகக் குறைந்துவிடும். பாறை அகலமானது, நிம்மதியாக உட்கார இடம் உண்டு. பார்வையும் எங்கள் கண்ணுக்கு டால்பின் நோஸைவிட ஒரு படி மேல். டால்பின் நோஸில் நின்றால் டால்பின் நோஸின் நீட்சி தெரியாது அல்லவா? வந்த சரிவு முழுவதையும் திரும்பிப் பார்க்க இங்கே வர வேண்டும்.

எதிரொலி கேட்க ஒரு முறை இருக்கிறது. "ஹலோ... நான்தான்..." என்று நீட்டி முழக்கினால் உங்கள் குரலே உங்கள் எதிரொலியை மூடிவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எதிர்ப்பாறை 170 மீட்டர் தள்ளி இருந்தால் குரல் போய்த் திரும்ப ஒரு நொடி. அதற்குள் நீங்கள் வாயை மூடியிருக்க வேண்டும். ஓரசையில், "ஓ" என்று வெட்டினாற்போல ஒரு குரல், அல்லது ஒரு கைதட்டல். பிறகு அமைதி. காற்று பலமாக இருந்தால் எதிரொலி சிதறிவிடும், காலையில் காற்று அடங்கி இருக்கும்போதுதான் தெளிவு. ஒரு முறை, இரண்டு முறை போதும். ஆளாளுக்குக் கத்திக்கொண்டே இருந்தால் பக்கத்துக் காட்டில் ஒரு பறவை தங்காது. புளூடூத் ஸ்பீக்கர் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இந்த மலையில் கேட்க வேண்டிய சத்தமே வேறு.

எக்கோ ராக்கோடு நின்றுகொள்ளுங்கள். அங்கிருந்து பாதை கீழே வெள்ளகவி கிராமத்துக்குப் போகிறது. இப்போதைய மலைச்சாலை வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஆட்கள் ஏறி வந்த பழைய வழிகளில் இதுவும் ஒன்று. டோலியிலும் குதிரையிலும் வந்தவர்கள் உண்டு, சுமைகூலிகள் தலைச்சுமையோடு ஏறினார்கள். வெள்ளகவி மக்கள் இன்றும் ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை. போய்ப் பார்க்க வேண்டிய ஊர், சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு முழு நாள் நடை, முட்டியை உண்மையாகவே சோதிக்கிற நடை. வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுக்கப்பட்டன. பிப்ரவரி முதல் காடு காயும் மாதங்களில் பல வழிகளை மூடிவிடுவார்கள். அந்த நீண்ட நடைகளில் ஆர்வமுள்ளவர்கள், 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழிகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் முன்பதிவு செய்துகொண்டு வரட்டும்.

திரும்பி ஏறுவது. எட்டு மணி வாக்கில் கிளம்பினால் வெயில் உறைக்காது. ஐம்பது அடி ஏறுங்கள், நில்லுங்கள், மறுபடி ஏறுங்கள் என்பது சரியான முறை அல்ல. பேச்சு மூச்சு தடைபடாத வேகத்தில், நிற்காமல், சின்னச் சின்ன அடியாக ஏறுவதுதான் களைப்பைக் குறைக்கும். பேசிக்கொண்டே ஏற முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஓர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். குளிர்கிற ஊர்தானே என்று அரை லிட்டரோடு வருகிறார்கள். குளிரில் வேர்வை தெரியாது, காற்றில் காய்ந்துவிடும், தலைவலி வந்த பிறகுதான் தண்ணீர் குடிக்கவில்லை என்று புரியும். பையில் கடலைமிட்டாய், வாழைப்பழம், கொஞ்சம் உப்புக்கடலை இருந்தால் போதும். பிளாஸ்டிக் கவரில் மட்டும் வைக்காதீர்கள். அந்தச் சரசரப்புக் கேட்டால் குரங்குக்குச் சாப்பாடு என்று தெரியும், நேரே பையைப் பிடித்து இழுக்கும். துணிப்பை என்றால் அதிகம் தொந்தரவு இல்லை.

பாதையோரக் கடைகள் காலை உணவு நேரத்துக்குத்தான் ஒவ்வொன்றாகத் திறக்கும். நீங்கள் ஏறி வரும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். பிரெட் ஆம்லெட், மேகி, லெமன் டீ, மிளகாய்த்தூள் போட்ட மாங்காய். ஊர் விலையைவிடக் கூடுதல்தான். கேஸ் சிலிண்டர் முதல் முட்டை வரை எல்லாம் தோளில் சுமந்து இறக்கியது என்பதால் அந்த விலை நியாயம் என்றே சொல்வோம். பேப்பர் தட்டையும் கப்பையும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். இந்த நடையில் எங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய குறை குப்பை. பாறை இடுக்குகளில் சிப்ஸ் பாக்கெட்டும் டிஷ்யூவும் கிடக்கின்றன. சரிவில் விழுந்த குப்பையை எடுக்க ஆள் இறங்க முடியாது, மழை அடித்துக்கொண்டு போய் அது கீழே பெரியகுளத்துக்காரர்களின் தண்ணீரில்தான் சேரும்.

வட்டக்கானலிலிருந்து ஊருக்குத் திரும்பும் ஐந்து கிலோமீட்டரை டாக்ஸியில் கடக்காமல் நடப்பதற்குப் பாம்பார் சோலை ஒன்றே போதுமான காரணம். ரோடு மெதுவாக ஏறும், தார் ரோடு, மூச்சு வாங்காது. முதலில் பாம்பார் அருவி. பழைய சோப்பு விளம்பரத்தால் லிரில் அருவி என்றால்தான் பலருக்குத் தெரியும். ரோட்டிலிருந்து பார்ப்பதோடு சரி. பாறை மேல் ஏறிக் குளிக்க இறங்காதீர்கள், ஈரப்பாறையில் நழுவினால் பிடிப்புக்கு ஒன்றுமில்லை. தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம். மேலே வீடுகளும் விடுதிகளும் இருக்கின்றன. பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலை நின்றதும் இந்தச் சோலையின் தலைமாட்டில்தான்.

இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டை, நட்டு வளர்த்த மரங்களிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பைன், தைலமரம், வாட்டில் எல்லாம் வெள்ளைக்காரர் காலத்திலும் அதன் பிறகும் நட்டவை. உயரமாக, ஒரே மாதிரி, அடியில் வெறிச்சென்று இருக்கும். சோலை மரம் குட்டையாக, கிளை முறுகி, தலைகள் ஒன்றோடொன்று நெருங்கி, பட்டை முழுவதும் பாசியும் ஆர்க்கிடும் தொற்றி நிற்கும். தளிர்விடும் காலத்தில் மேற்பரப்பு சிவப்பும் செம்மஞ்சளுமாக மாறும். ரோட்டோரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும் இடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். காற்றின் குளிர்ச்சியே வித்தியாசப்படும். சோலைத் தரையில் இலைமக்கு அவ்வளவு கனமாகப் படிந்திருக்கிறது, மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஓடை கோடையிலும் ஓடுவதற்கு அதுதான் காரணம். புதருக்குள்ளிருந்து கலகலவென்று தொடர்ச்சியாக ஒரு குரல் வந்தால் அது பழனிச் சிரிப்பான் என்ற பறவை. முதன்முதலில் இந்த மலையில்தான் அதை அடையாளம் கண்டார்கள். சோலைக்குள் இறங்காதீர்கள். இங்கே மட்டுமே வளரும் செடிகள் இருக்கின்றன, காலடியில் எது நசுங்குகிறது என்று நமக்குத் தெரியாது.

காட்டுமாடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் இப்போது ஊருக்குள்ளேயே மேய்கின்றன, சாதுவாகத் தெரியும், ஆயிரம் கிலோ வரை எடை. பார்த்ததும் நில்லுங்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள். கூட்டத்தைவிடத் தனியாக நிற்கும் காளையும் கன்றோடு நிற்கும் பசுவும்தான் ஆபத்து. மூச்சைச் சீறினாலோ, தலையைத் தாழ்த்தினாலோ, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிப் பெரிதாகக் காட்டினாலோ, அது எச்சரிக்கை. முதுகு காட்டி ஓடாமல் மெல்லப் பின்வாங்கி, பெரிய மரத்துக்கோ சுவருக்கோ பின்னால் போய்விடுங்கள். பத்து நிமிடம் பொறுத்தால் தானே நகர்ந்துவிடும்.

செயின்ட் மேரிஸ் ரோடு வழியாக வந்தால் 1866இல் கட்டிய சலேத் மாதா கோயில் இருக்கிறது. சாப்பாட்டை முடித்து, கொஞ்சம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு, மூன்றரை மணிக்குக் கோக்கர்ஸ் வாக்.

1872இல் லெப்டினன்ட் கோக்கர் போட்டது. ஒரு கிலோமீட்டர், தளம் போட்ட நடைபாதை, கம்பித் தடுப்பு, உள்ளே போகச் சின்னக் கட்டணம். ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. காலையில் நீங்கள் நின்ற டால்பின் நோஸ் சரிவு முழுவதும் இங்கிருந்து எதிரே தெரியும். மஞ்சு மூடியிருந்தால் வருத்தப்பட வேண்டாம், அதற்காகத்தான் மாலை நேரம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்து இருக்க வேண்டும், மேகம் காலுக்குக் கீழே பள்ளத்தாக்கில் சுவர் போல நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் உங்கள் நிழல் மேகத்தின் மேல் விழும், தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு. பிராக்கன் நிழல் என்பார்கள். பக்கத்தில் நிற்பவரின் நிழல் உங்களுக்குத் தெரியலாம், ஆனால் வளையம் உங்கள் தலையைச் சுற்றி மட்டும்தான் தெரியும். அவருக்கு அவர் தலையைச் சுற்றி. மேகத்துளிகள் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவதால், பார்க்கிறவரின் கண்ணை ஒட்டியே வளையம் அமைகிறது. எல்லா நாளும் கிடைக்காது. வெயிலும் மேகமும் மாறி மாறி வரும் நாளில் தடுப்புக் கம்பி ஓரமாக அரை மணி காத்திருந்து பாருங்கள். ஒரே சிக்கல் கூட்டம். நடைபாதையின் தொடக்கத்தில் கடைகளும் ஆட்களும் நெருக்கும், பாதி தாண்டினால் கலையும்.

எப்போது வருவது? டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை முதல் தரம். காலையில் கடும் குளிர், வானம் கழுவிவிட்டது போல இருக்கும், பாதை காய்ந்திருக்கும். மார்ச் வரையும் நன்றாகவே இருக்கும், ஆனால் சமவெளியில் புழுதி மூட்டம் ஏறத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதத்தில் கூட்டமும் மங்கலும் பிற்பகல் இடி மழையும் சேர்ந்து வரும், வார நாளின் காலை மட்டும் தேறும். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பாதையைத் தவிர்ப்பது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை விட்டு விட்டுத் தூறும், அட்டை ஏறும். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் விட்டு, சாக்ஸ் மேல் உப்போ மூக்குப்பொடியோ தடவிக்கொள்ளுங்கள். சரிவுகளில் நீலக்குறிஞ்சியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 2030 வரை காத்திருக்க வேண்டும். கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது 2018இல்.

சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இந்த நடைமுறை. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வாரக் கடைசியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். கிளம்பும் நாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விடாமல், தேதி முடிவானதும் பதிவு செய்துவிடுங்கள். அரசுப் பஸ்ஸில் வந்தால் இந்தக் கவலை இல்லை. வத்தலக்குண்டு வழியாக நிறைய பஸ் உண்டு. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் கொண்டுவாருங்கள், தங்கும் இடத்திலேயே காய்ச்சிய தண்ணீர் நிரப்பித் தருவார்கள்.

ஊட்டியோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. தொட்டபெட்டா 2,637 மீட்டர், உயரத்தில் இதைவிட எங்கேயோ. ஆனால் உச்சி வரை வண்டி போகிறது, இறங்கி நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான், நடையென்று ஒன்றுமில்லை. ஒரே நாளில் சோலை, வேர்ப்பாதை, பாறை விளிம்பு, ஊர் நான்கும் காலடியில் கடந்து போவது வட்டக்கானல் பக்கத்தில்தான் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது.

முட்டி வலி, இதயக் கோளாறு, தலைசுற்றல் உள்ளவர்களும் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் வட்டக்கானல் இறக்கத்தில் இறங்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் அதேதான். குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை மேலே கடையில் தனியாக உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மூன்று மணி நேரம் கீழே போய்விடாதீர்கள், அந்தக் குளிரில் உட்கார்ந்திருப்பது நடப்பதைவிடக் கஷ்டம். அவர் காலையில் தங்கும் இடத்தில் ஓய்வெடுக்கட்டும். பதினோரு மணிக்குப் பாம்பார் சோலை ரோட்டுக்கு டாக்ஸியில் வந்து, சமமான துண்டில் உங்களோடு ஒரு கிலோமீட்டர் நடக்கட்டும். மாலையில் கோக்கர்ஸ் வாக்கை முழுவதும் சேர்ந்தே நடக்கலாம். அங்கே அவருக்கு ஒரு சிரமமும் இருக்காது.